எட்டாத காது

பெரம்பூரில் ரயில்வே மதிலை ஒட்டிய சந்தில்
கார் இல்லாத ஒரு கார் ஷெட்தான்
டெய்சி நர்சரி.
கார் போன பிறகும்
தரையில் எண்ணெய்க் கறை போகவில்லை.
அந்தக் கறையின் மேல் நிற்க வைத்தார்கள் என்னை.
மூன்று வயது, நான்கு மாதம்.

"வலது கையைத் தூக்கு.
தலைக்கு மேலே கொண்டுபோய்
இடது காதைத் தொடு."
மியூரியல் மிஸ் தமிழ்ச் சொற்களைச்
சூடான டம்ளர் போல விளிம்பில் பிடித்துத்தான் எடுப்பார்.
காதைத் தொட்டால் நாலு வயசு.
தொடாவிட்டால் அடுத்த ஜூன்.

என் விரல் உச்சந்தலையைத் தாண்டி
ரிப்பனில் நின்றுவிட்டது.
பின்னால் அப்பா, ஒர்க்‌ஷாப் காக்கியில்,
ஒரு மணி நேர பர்மிஷனில்.
தூசி தட்டுகிறவர் போல
என் தலையை மெல்லச் சாய்த்தார்.
காது வந்து விரலைத் தொட்டது.

மிஸ் பார்த்தார். பார்க்கவும் இல்லை.
ரிஜிஸ்டரில் எழுதினார்: ஜூன் ஒன்று.
மாசியில் பிறந்தவள்
ஒன்பது மாதம் முன்னே போய்
அம்மாவுக்கு நாள்கூடத் தள்ளிப்போயிராத ஒரு தேதியில்
மறுபடி பிறந்தேன்.

மற்றதெல்லாம் துண்டு துண்டாகத்தான் இருக்கிறது.
மார்பில் ஊக்கு குத்திய கர்ச்சீப்.
ஏகாம்பரத்தின் ரிக்‌ஷாவில் குறுக்குப் பலகை,
பலகையில் ஆறு முதுகு.
பல்பத்தின் ருசி,
முதல் மழை விழுந்த சிமெண்ட் மாதிரி.
பாதியைத் தின்றுவிட்டு
மீதியில் கூரை சரிந்த ஒரு ஏ எழுதுவேன்.
ஏ என்றால் ஆப்பிள்.
வகுப்பில் ஆப்பிள் தின்றவன் டெஸ்மண்ட் மட்டும்தான்,
அதுவும் டைஃபாய்டு வந்தபோது.
ரொம்ப நாள் எங்களுக்கு ஏ என்றால் ஜுரம்.

மத்தியானம் மில் சங்கு ஊதியதும் பாயில் படுக்கவேண்டும்.
வடகம் காயும் மொட்டை மாடியில் நடப்பதுபோல்
எங்கள் கைகால்களுக்கு நடுவே
இடம் பார்த்துப் பார்த்துப் பாதம் வைப்பாள் லூர்தம்மா ஆயா.
நான் தூங்கியதே இல்லை.
இமை இடுக்கு வழியே கறையைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.
ஒருநாள் அது எருமை.
ஒருநாள் அப்பாவின் தோள்.
ஒருநாள் அது பெரிதாகி என் பாய்வரை வந்தது.
ஈரம்.
"தண்ணி கொட்டிடுச்சு மிஸ்" என்றாள் பக்கத்துப் பாய் ஜமீலா,
தன் காலி பாட்டிலைக் கவிழ்த்துப் பிடித்தபடி.
அதற்கு அவளுக்கு ஒரு அடி விழுந்தது.

எல்லாவற்றிலும் ஒன்பது மாதம் பின்னாலேயே இருந்தேன்.
ஷூ லேஸ், எட்டின் மேல் வட்டம்,
பிறகு கணக்கு, பிறகு கணவன்.

மின்வாரியத்தில் முப்பத்தாறு வருஷம்.
ஜூன் ஒன்றாம் தேதி பிறந்தவர்களுக்கு
மே முப்பத்தொன்றிலேயே ஓய்வு. அது விதி.
எங்கள் கோட்டத்தில் என்னோடு இன்னும் ஏழு பேர்.
"என்ன மேடம், எல்லாருமே ஜூன் ஒண்ணா?"
புதிதாகச் சேர்ந்த பையன் கேட்டான்.
சிரித்தோம்.
எட்டு அப்பாக்கள், எட்டுத் தலைகள்.

நேற்று பாத்ரூம் கண்ணாடிமுன் கையைத் தூக்கிப் பார்த்தேன்.
தோள்பட்டை இறுகி ஒரு வருஷமாகிறது.
விரல், டை அடித்த வகிடு வரைக்கும்தான் போயிற்று.
தலையைச் சாய்க்கவில்லை.

அன்றைக்கு எனக்குப் பின்னால் ஒரு பையன் நின்றிருந்தான்.
பெயர் தெரியாது. பச்சை டிராயர்.
அவன் விரலும் எட்டவில்லை.
அவன் அம்மா அவன் தலையைத் தொடவே இல்லை,
தோல்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு
மிஸ்ஸையே பார்த்தபடி நின்றாள்.
கேட் வரைக்கும் அழுதுகொண்டே போனான்.

அவனுக்கு இன்னும் ஒரு வருஷம் சர்வீஸ் இருக்கும்.
எங்கேயோ இந்நேரம் டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு
பஸ்ஸைப் பிடிக்க ஓடிக்கொண்டிருப்பான்.