குழாயைத் திறக்காமல்

மாட்டாஸ்பத்திரிக்கு நான் போவது
நைட்ரஜனுக்காக.
சினை ஊசிக் குச்சிகளை உறையவைத்த உருளையிலிருந்து
டாக்டர் ரெஜிகுமார் மூன்று லிட்டர் ஊற்றித் தருவார்,
"காளை கோவிச்சுக்காது, கொண்டு போங்க" என்று.
இந்த வாரம் மறுகையில் ஒரு பிளாஸ்டிக் கூடை.
உள்ளே கெல்வின்.

பக்கத்து வீட்டு ஜெபராணிக்கு அந்தப் பெயரில் மனத்தாங்கல்.
அவள் தங்கை மகனும் கெல்வின்தான், குவைத்தில் வெல்டர்.
"பூனைக்கா வச்சிய அந்தப் பேர?"
அது குளிரை அளக்கும் ஓர் அளவு,
சைபரில் தொடங்கும், அதற்குக் கீழே எதுவும் இல்லை
என்று சொல்லிப் பார்த்தேன்.
"அப்பம் எங்க பய சைபரா?" என்றாள்.

ஆறு வருடமாய் ஒரு கறுப்பு வில்லையைச் சுடுகிறேன்.
இட்ரியம், பேரியம், செம்பு.
அரைத்து, அழுத்தி, சூளையில் வைத்து,
தக்கலையில் கரண்ட் போகக்கூடாதே என்று
எந்தச் சாமியிடமும் இல்லாத ஒரு வேண்டுதலோடு
விடியும்வரை உட்கார்ந்திருக்கிறேன்.
தொண்ணூற்றிரண்டில் அது தடையை மறக்க வேண்டும்.
என்னுடையது எண்பத்தாறில்தான் மறக்கிறது,
அதுவும் அரைமனதாய்.
செங்குத்தாய் விழவேண்டிய கோடு
வேளிமலை அடிவாரம்போலச் சாவகாசமாய் இறங்குகிறது.
"கலப்பு" என்று ஒரே சொல் எழுதி
கட்டுரையைத் திருப்பியனுப்பினார் ஒருவர்.

மணவாளக்குறிச்சி கடற்கரையில்
கைப்பையில் மறந்துபோன காந்தத்தை
ஒருநாள் மணலில் நழுவவிட்டேன்.
எடுத்தபோது மீசை முளைத்திருந்தது அதற்கு.
குனிந்த இடத்தில்,
கவிழ்த்துப் போட்ட வள்ளத்தின் அடியில்,
கரிமணலின் இன்னொரு பிடிபோல இவன்.
கண் திறந்த பிறகுதான் பூனை என்று தெரிந்தது.

டாக்டர் ஸ்டெதஸ்கோப்பை வைத்தார், எடுத்தார்.
"உறுமுறான். ஒண்ணும் கேக்கல."
எழுந்துபோய்க் கைகழுவும் குழாயைத் திறந்துவிட்டார்.
தண்ணீர்ச் சத்தத்தில் காது விறைத்து
கெல்வின் உறுமலை நிறுத்தினான்.
அந்த இடைவெளியில் கேட்டது.

"ஆறில மூணாம் படி.
சுவர் தடிச்சிருக்கலாம். போற வழி இடுக்கு,
இடுக்கில ரத்தம் சுழிக்குது.
பயத்தில மட்டும் கேக்கிற பூனையும் உண்டு.
எக்கோ பாத்தாத்தான் சொல்ல முடியும்,
திருவனந்தபுரம் போகணும்."
என் காதிலும் மாட்டிவிட்டார்.
இரண்டு துடிப்புக்கு நடுவே
சானல் மதகில் தண்ணீர் நுழையும் சத்தம்.

தடையில்லாமல் ஓடுவது எதுவும் சத்தம் போடாது.
வளையத்துக்குள் விட்ட மின்னோட்டம்
வருடக்கணக்கில் சுற்றும், தனக்கே தெரியாததுபோல.
அந்த மௌனத்துக்குத்தான் ஆறு வருடம்.
பெரிய ஊர்களில் ஒரு கருவி இருக்கிறது,
அதே குளிரில் மூழ்கி
மனித இதயத்தின் காந்தத்தைக்கூட எழுதிக்காட்டும்.
பூமியினுடையதில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு.
பூனையினுடையது அதிலும் எத்தனை பங்கோ.

ராத்திரி, தெர்மோகோல் கிண்ணத்தில் வில்லை,
மேலே நைட்ரஜன், அதன்மேல் காந்தம்.
ஓர் அரிசி உயரம், கொஞ்சம் சாய்ந்து, நின்றது.
கெல்வின் மேசையேறி
புகைக்கு மூக்கைச் சுளித்து
அந்தரத்தில் நிற்பதைப் பார்த்தான், கை நீட்டினான்,
நான் தடுத்தேன்.
ஒரு நிமிடம்கூட இல்லை. டக்.

மதிலுக்கு மேலே ஜெபராணியின் தலை.
"கெல்வினுக்கு என்னவாம்?"
முதல்முறையாய்ப் பெயர் சொல்லி.
"நெஞ்சுக்குள்ள முணுமுணுக்கானாம்."
"எங்க வீட்டுக்காரரும் அப்படித்தான்" என்றவள்
சிரிக்காமல் கொஞ்சநேரம் நின்றாள்.

இரவல் ஸ்டெதஸ்கோப் கழுத்தில் கிடக்கிறது.
மடியில் அவன்.
வைத்துப் பார்க்கிறேன்:
உறுமல், உறுமல், சூளை மோட்டார்போல உறுமல்,
அடியில் எதுவும் கேட்கவில்லை.
அடுக்களைக் குழாய் நாலு எட்டில் இருக்கிறது.