நொக்வாண்டாவின் முதல் சொல்

நாற்பதாயிரம் பேர் படிக்கிற பல்கலைக்கழகத்தில்
ஒப்பிலக்கியத்துக்கு நாங்கள் ஆறு பேர்.
மூன்றாம் மாடி. லிஃப்ட் போன வருஷத்து வெள்ளத்தோடு சரி.
ஜன்னலைத் திறந்தால் டர்பன் துறைமுகம், கிரேன்கள்,
அப்பால் உள்ளே வர இடமில்லாமல்
வரிசையில் நிற்கும் கப்பல்கள்.

வருகைப் பதிவில் நான் ‘பவடே, எஸ்.’
பாவாடைராயனை எந்தக் கப்பல் குமாஸ்தாவோ
காதில் விழுந்தபடி எழுதிவைத்தது.
பகலில் மருந்துக்கடையில் மாத்திரை எண்ணுகிறவள்.
என் தமிழ் சனிக்கிழமைத் தமிழ்:
கோயில் மடப்பள்ளிக்குப் பின்னால் தகரக் கொட்டகையில்
வாரம் இரண்டு மணி நேரம்,
மிச்சம் அகராதியில் வாங்கிய கடன்.

இந்தப் பருவத்துப் பயிற்சி இது:
பக்கத்தில் இருப்பவர் எழுதிய கவிதையை
இந்தத் துறையில் யாராலும் திருத்த முடியாத மொழிக்குக்
கொண்டுபோக வேண்டும்.
வழியில் எது சிந்தியது என்று மூன்று பக்கம்.

என் பக்கத்தில் நொக்வாண்டா,
உம்லாசியிலிருந்து இரண்டு டாக்ஸி மாறி வருகிறவள்.
தண்ணீர் லாரிக்கு நிற்பது பற்றி ஒன்பது வரி எழுதியிருந்தாள்.
தொடக்கம்: தீனா சிலிண்டே அமான்ஸி.
அமான்ஸி, தண்ணீர்.
சிலிண்டே, காத்திருக்கிறோம்.
தீனா?
அங்கேதான் என் பேனா நின்றது.

ஆங்கிலத்துக்குக் கவலை இல்லை.
ஆப்பிரிக்கான்ஸுக்கும் இல்லை. ஒரே சட்டி, எல்லாரும் அதில்.
தமிழ் மட்டும் வாசலை மறித்துக் கேட்கிறது:
கேட்கிறவர் உள்ளேயா, வெளியேயா?
நாமா, நாங்களா?

நான் தந்திரக்காரி. சொல்லையே விட்டுவிட்டேன்.
‘காத்திருக்கிறோம் தண்ணீருக்கு’ என்று தொடங்கினேன்.
இலக்கணத்தில் அது குற்றமில்லை.
வினைமுற்றின் வாலில்
யார் வேண்டுமானாலும் ஒளிந்துகொள்ளலாம்.

மிஸ் செலேவுக்குத் தமிழ் தெரியாது, எண்ணத் தெரியும்.
“அங்கே மூன்று சொல், இங்கே இரண்டு.
யாரை விட்டுவிட்டு வந்தாய்?”

பலகையில் இரண்டு வட்டம் போட்டு விளக்கினேன்.
அழகான மொழி என்றார்கள் மற்றவர்கள்.
நொக்வாண்டா வட்டங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
“அந்த ஜூலையில்
உங்கள் தெருவில் எந்தச் சொல் ஓடியது?”

அந்த ஜூலையில் எங்கள் தெரு முனையில்
டயர்கள், கட்டில் சட்டம், ஒரு பழைய ஃப்ரிட்ஜ்.
என் அண்ணன் தேவன் ஹாக்கி மட்டையோடு நாலு ராத்திரி.
வந்த காருக்குள் முகத்தைப் பார்த்து
விடுவதா திருப்புவதா என்று முடிவு செய்தார்கள்.
நான் ஃபிளாஸ்க்கில் தேநீர் கொண்டுபோனேன்.
அவரவர்க்கு எத்தனை சர்க்கரை என்பதுகூடத்
தெரிந்துவைத்திருந்தேன்.

இதை நான் சொல்லவில்லை.
பலகை அழிப்பானைத் தேடினேன்.

“என் அம்மாவுக்கு ஆஸ்பத்திரி வேலை.
அந்த வழியாகத்தான் போக வேண்டும்.
மூன்று நாள் சம்பளம் பிடித்தார்கள்,” என்றாள்,
பஸ் நேரம் சொல்கிற குரலில்.

பிறகு இரண்டையும் சொல்லிப் பார்த்தாள்.
அவள் மொழியிலும் ங உண்டு. நாங்கள் சுலபமாக வந்தது,
ள் மட்டும் வழுக்கியது.
நாம் என்றபோது உதடு ஒட்டிக்கொண்டது.
“சேர்த்துக்கொள்ளும் சொல்தான் வாயை மூடுகிறதா?
மூன்று பக்கத்தில் அதையும் எழுதிக்கொள்.”

கட்டுரை நள்ளிரவுக்குள் போக வேண்டும்.
பத்தரைக்குத்தான் மின்சாரம் வந்தது.
முதல் சொல்லின் இடத்தில் ஒன்றைப் போட்டேன்,
எடுத்தேன், மற்றதைப் போட்டேன், எடுத்தேன்.
பதினொன்று பத்துக்குக் கைபேசியில் அவள், ஆங்கிலத்தில்:
இங்கே தண்ணீர் வந்துவிட்டது,
வந்ததா, என்று ஒரு யூ போட்டு.

உனக்கா, உங்களுக்கா?
என்னைக் கேட்கிறாளா,
அந்தத் தெரு முழுவதையுமா?

எழுந்துபோய்க் குழாயைத் திறந்தேன்.
இருமியது. வெறும் காற்று. மறுபடி இருமியது.
வாளியை அடியில் இழுத்து வைத்து
திறந்தபடியே விட்டு வந்தேன்.