பதினெட்டு

இரவு பத்துக்கு நான் எழுதிய எண் அது.
இன்னாசிமுத்து, ஒன்பதாம் கட்டில், குருநகர்,
வயிற்றைத் திறந்து தைத்து இரண்டாம் நாள்.
நாடி பார்த்தேன். பிறஷர் பார்த்தேன்.
வெப்பமானியைக் கக்கத்தில் வைத்து எடுத்தேன்.
மூச்சை மட்டும் பார்க்கவில்லை.
பதினெட்டு என்று போட்டேன்.

எல்லாரும் போடுவதுதான்.
முப்பத்தாறு கட்டிலுக்கு நாங்கள் இரண்டு பேர்,
நிலத்தில் பாயில் இன்னும் மூன்று நோயாளிகள்.
யாழ்ப்பாணத்து மூச்செல்லாம் பதினெட்டு.
கோண்டாவில் புகையிலைத் தோட்டக்காரருக்கும் பதினெட்டு,
மோட்டார் சைக்கிளோடு மதகில் மோதிய பெடியனுக்கும் பதினெட்டு,
முந்தாநாள் விடியப்புறம் மூன்றரைக்குச் செத்தவரின் தாளில்கூட
மூன்று மணிக்குப் பதினெட்டு.

இரண்டு மணிக்குத் திரும்பப் போனேன்.
விழித்திருந்தார்.
"மிஸ்ஸி… கடல்… எப்பிடி?"
மூன்று சொல்.
இரண்டு இடத்தில் முறிந்தது.

மூச்சை எண்ணப்போகிறேன் என்று சொல்லி எண்ணக்கூடாது.
சொன்னால் அது தன்னைத் திருத்திக்கொள்ளும்,
லைற் இல்லாத சைக்கிள்காரன் பொலிசைக் கண்டதுபோல.
மணிக்கட்டைப் பிடித்தபடியே நின்றேன்,
நாடி எண்ணி முடித்தும் விரலை எடுக்காமல்,
கண்ணை மட்டும் போர்வையின் மடிப்புக்கு மாற்றி.
அரை நிமிஷம் எண்ணி இரட்டிப்பதில்லை. முழு நிமிஷம்.
ஒரு நிமிஷத்தின் நீளம்
வேலைக்கு வந்து ஆறு வருஷத்தில் அன்றைக்குத்தான் தெரிந்தது.
அதற்குள் நாலாம் கட்டில் தண்ணி கேட்டது.
ஜெசிந்தா பெட்பான் எங்கே என்றாள்.
பதினேழில் சேலைன் முடிந்து
குழாயில் இரத்தம் பின்னேறத் தொடங்கியது.
நான் அசையவில்லை.
பதினெட்டு வந்தபோது
முள் பாதியைக் கொஞ்சம்தான் தாண்டியிருந்தது.

முப்பது.

டொக்டர் தினுஷ, குருநாகல் ஆள்,
குருநகர் ஆளைப் பார்க்க நித்திரையால் எழும்பவேண்டியவர்.
"பிறஷர் நல்லா இருக்குத்தானே, மிஸ்?"
"இருக்கு."
"காய்ச்சல்?"
"இல்லை."
"அப்ப?"
இதற்கென்று ஒரு ஒழுங்கு படித்திருக்கிறோம்:
யார், என்ன நடந்தது, முன்பு எப்படி,
நீ என்ன நினைக்கிறாய், உனக்கு என்ன வேண்டும்.
நாக்கில் கடைசி மட்டும்தான் மிஞ்சியது.
"நாடி நூற்றிருபது. மூச்சு முப்பது. முழு நிமிஷமும் எண்ணினனான்.
நீங்கள் இப்ப வரவேணும்."
அந்தப் பக்கம் ஒன்றும் இல்லை.
பிறகு செருப்புத் தேடுகிற சத்தம்.

வயிற்றில் கை வைத்தார். பலகை.
அதற்குப் பிறகு எல்லாம் ஓட்டம்தான்:
ஒட்சிசன், இரத்தம், மருந்து, பெரிய டொக்டருக்குக் கோல்.
நாலு மணிக்குத் தியேட்டருக்குத் தள்ளிக்கொண்டு போனோம்.
ட்ரொலியின் ஒரு சில்லு வழக்கம்போலச் சிணுங்கியது.
கதவடியில் டொக்டர் தாளைப் புரட்டினார்.
"பத்து மணிக்குப் பதினெட்டா, மிஸ்?"
கதவு மூடியது. பதில் என்னிடமே நின்றுவிட்டது.

வெள்ளை மை பூசக்கூடாது. சுரண்டக்கூடாது.
ஒரே கோடு,
அடியில் இருப்பது வாசிக்கத் தெரியவேண்டும்.
எந்த எண்ணாலும் அதைத் திருத்த முடியாது,
பத்து மணிக்கு அவர் எப்படி மூச்சுவிட்டார் என்று
இனி ஒருவருக்கும் தெரியாது.
"எண்ணவில்லை" என்று ஆங்கிலத்தில் எழுதினேன்.
கையொப்பம் வைத்தேன்.

ஏழு மணிக்கு சிஸ்டர் திலகேஸ்வரி
கண்ணாடியை நெற்றிக்கும் மூக்குக்கும் இடையில் இரண்டு தரம் நகர்த்தினார்.
"உது ஆர் வெட்டினது?"
"நான்தான்."
"ஏன்?"
"பொய், சிஸ்டர்."
வெளியே ஆஸ்பத்திரி வீதியில் முதல் மினிபஸ்
காரைநகர், காரைநகர் என்று ஆள் பிடித்தது.
சிஸ்டர் என்னைப் பார்க்காமல் பேனையை நீட்டினார்.
"வெட்டினால் நேரமும் போடவேணும்."

போட்டேன். நாலு இருபத்தைந்து.
தியேட்டரிலிருந்து அதுவரை ஒரு செய்தியும் இல்லை.
மற்றத் தாள்கள் மேசையில் அடுக்கிக் கிடந்தன.