பத்துக்குக் கீழே

வடக்கு டகோட்டாவில் வயல்களுக்கு வரப்பு கிடையாது.
வானம் வந்து முட்டும் வரை கோதுமை.
வரம்பு மட்டும் உண்டு,
என் மேஜையின் இரண்டாவது இழுப்பறையில்.

ஆள் ஒன்றுக்கு
ஒரு லட்சத்து இருபத்தைந்தாயிரம் டாலர்.
அதற்கு மேல் சல்லிக் காசு இல்லை.
பத்தொன்பது வருடமாக இந்த மானிய அலுவலகத்தில்
எனக்கு ஒரே வேலை:
ஆள் என்றால் யார் என்று பார்ப்பது.

செத்தவர் ஆள் இல்லை.
செத்தவர் விட்டுப்போன சொத்து
இரண்டு வருடத்துக்கு ஆள்.
கணவன் உழுதால் மனைவியும் உழுததாகக் கொள்ளலாம்,
அந்த நேரம் அவள் ஃபார்கோவில்
முடி வெட்டிக்கொண்டிருந்தாலும்.
கம்பெனி ஓர் ஆள்.
கூட்டுப் பண்ணை ஆளே அல்ல,
அதற்குள் எத்தனை தலையோ அத்தனை ஆள்.

இந்தக் கடைசி வரியைத்தான்
ஹெல்ம்ஸ்டாட் சகோதரர்கள்
மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள்.
முதலில் இருவர். பிறகு மனைவிமார். பிறகு மகன்கள்.
ஒரு வருடம் சட்டத்தில் ஒரு வரி கூடியது:
உடன்பிறந்தார் பிள்ளைகளும்
சித்தப்பா பெரியப்பா பிள்ளைகளும்
இனிமேல் குடும்பம்.
அந்த இலையுதிர் காலத்தில்
பண்ணை ஓர் அடிகூட நகரவில்லை.
குடும்பம் மட்டும் நன்றாக விளைந்தது.

மின்னியாபோலிஸில் பல் பிடுங்கும் கெல்வின்
இப்போது பண்ணை நிர்வாகி.
வருடத்துக்கு ஐநூறு மணி நேரம் நிர்வகித்ததற்கு
நோட்டுப் போட்டு அனுப்பியிருந்தான், அழகான கையெழுத்து.
'மார்ச் 11. கோதுமை விலை பற்றி யோசித்தேன். மூன்று மணி நேரம்.'
முத்திரை குத்தினேன்.
யோசனையை அளக்க என்னிடம் சங்கிலி இல்லை.

மேலே கூரை இருப்பது போல
கீழே ஒரு வாசற்படியும் இருக்கிறது.
கணக்கில் உள்ள அடிப்படை நிலம்
பத்து ஏக்கரைத் தாண்ட வேண்டும்.
சோல்வெய்க் ருஸ்டனுக்கு ஒன்பது புள்ளி ஆறு.

'மிச்சம் எங்கே போச்சு?'
வான்படத்தை விரித்துக் காட்டினேன்.
நெடுஞ்சாலை கடித்த இடம்
பிஸ்கட்டில் பல் பட்டது போல வெள்ளையாகத் தெரிந்தது.
'என் நாய் தினமும் என்னோடு வயலைச் சுற்றுகிறது,
அதை நிர்வாகியாகப் போடேன்.'
நான் சிரித்திருக்கக் கூடாது.
'நாய் சேர்ந்தால் ஏக்கர் கூடாது, சோல்வெய்க்.'
'அவர்களுக்கு ஆள் சேர்ந்தால் பணம் கூடுகிறதே?'
கையேட்டைப் புரட்டினேன்.
பக்கங்கள் இருந்தன.

அன்று மாலை எல்லோரும் போன பிறகு
அவள் கோப்பைத் திரையில் திறந்தேன்.
ஒன்பது புள்ளி ஆறுக்குப் பின்னால்
கர்சர் கண் சிமிட்டிக்கொண்டே இருந்தது.
இரண்டு விசை போதும்.
கோட்டை மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.
நேர்மை என்று சொல்ல மாட்டேன்.
பென்ஷனுக்கு ஆறு வருடம் இருந்தது.

அவள் வருடந்தோறும் வருகிறாள்.
பணம் வராது என்று தெரிந்தே பதிகிறாள்.
'உழுதேன் என்று எங்காவது எழுதியிருக்கட்டும்,'
பேனாவை வாங்கிக்கொண்டு சொன்னாள்,
எழுதாத பேனா, உதறிக் கொடுத்தேன்.

விலை விழுந்த வருடம் அறிக்கைகள் கிளம்பின.
ஹெல்ம்ஸ்டாட் பெயரில் பதினான்கு உறை,
எல்லாம் வரம்பைத் தொட்டு நின்றவை,
ஒரு டாலர் கூடவில்லை,
குறை சொல்ல இடமில்லை.
பதினைந்தாவது சோல்வெய்க்குக்கு.
இயந்திரம் அதிலும் இரண்டு தசமம் அச்சடித்திருந்தது:
பூஜ்யம் புள்ளி பூஜ்யம் பூஜ்யம்.

அலுவலக முத்திரை போதும்.
ஆனாலும் அந்த உறையில் மட்டும்
என் பணப்பையிலிருந்து ஒரு தபால்தலை ஒட்டுவேன்.
எந்த விதியிலும் இல்லாத செலவு.

போன வியாழன் தொலைபேசியில் கூப்பிட்டாள்.
பணத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.
'இந்த முறை கொக்கு' என்றாள்,
'போன வருஷத்து ஆந்தை இன்னும் நன்றாக இருந்தது.'