தேவையற்றதை அடிக்கவும்

புளியரைச் சோதனைச்சாவடியில்
சாரல் காகிதத்தையும் விடுவதில்லை.
ஓரம் ஊறி
அப்பளம்போல் நெளிந்து கிடந்தது படிவம்.
ஏழாவது பத்தியில் அச்சிட்டிருக்கிறது:
தெரிந்தே / தெரியாமல்.
கீழே பொடி எழுத்தில்
தேவையற்றதை அடிக்கவும்.

ஆரியங்காவு இறக்கத்தில்
பிரேக் சூடு மணக்க வந்து நின்ற லாரிக்கு
பில்லில் தென்னை நார்த்தூள்.
புதிதாக வந்த இன்ஸ்பெக்டர் அம்மா
மழையோடு ஏறித் தார்ப்பாயை அவிழ்த்தார்.
மேலே ஒரு முழம் நார்தான்.
அதற்கும் கீழே
குளுக்கோஸ் குழாய்கள், ரத்தம் காய்ந்த பஞ்சு,
உள்ளே கை இல்லாத கையுறைகள்,
மூடி கழன்ற ஊசிகள்.

ஓட்டி வந்தவன் பெயர் ஷிபின்,
புனலூர்க்காரன், இருபத்திரண்டு.
"எனிக்கு அறியில்ல சாரே,
கெட்டித் தந்தாங்க, ஓட்டினேன்"
என்று இரண்டு மொழியில் பாதிப் பாதி அழுதான்.
கண்ணாடியில் தொங்கிய ஜெபமாலை
வண்டி நின்ற பிறகும் ஆடிக்கொண்டிருந்தது.

நான் படிவம் நிரப்புகிறவன்.
ஞாயிறு இரண்டாம் ஆராதனையில்
பாடம் வாசிக்கிறவனும் நானே.
போன வாரம்தான் தோட்டத்துப் பகுதி.
வாசிக்கும்போது நாக்கு இடறவில்லை,
இப்போது இடறுகிறது.
நன்மை தீமை அறியவைக்கும் கனி என்றால்
கடிக்கும்வரை அவளுக்கு
எது தீமையென்று தெரிய வழி ஏது?
'வேண்டாம்' என்பது காதில் விழுந்திருக்கும்.
வேண்டாம் என்றதைச் செய்வது தப்பு என்பது
அந்தப் பழத்துக்குள் அல்லவா இருந்தது?
அங்கேயும் ஒரு ஏழாவது பத்தி இருந்திருந்தால்
எந்தச் சொல்லை அடித்திருப்பார்?

எங்கள் சபை ஐயரிடம் கேட்டால்
கீழ்ப்படிய அறிவு எதற்கு,
நம்பினால் போதாதா என்பார்.
இருக்கலாம்.
முதலாளியை நம்பித்தான் இவனும் ஓட்டி வந்தான்.

போன ஆடியில் மூன்று லாரி.
இதே பில், இதே நார்.
அப்போது தார்ப்பாய் அவிழவில்லை.
பில் புத்தகத்துக்குள் மடித்து வைத்துப் போனதை
நான் எண்ணக்கூட இல்லை,
எண்ணினால் தெரிந்துவிடும் என்று.
பழைய செங்கல் சூளைப் பள்ளத்தில்
கொட்டியதாகப் பிறகு கேள்வி.
பக்கத்துக் கொய்யாத் தோப்பில் களை பறித்த
சுடலைவடிவுக்கு உள்ளங்காலில் ஊசி ஏறியது.
மூன்று மாதத்துக்கு ஒருமுறை
தென்காசி ஆஸ்பத்திரியில் ரத்தம் கொடுத்து
இதுவரை ஒன்றுமில்லை என்று எழுதிய சீட்டோடு
சாவடி நிறுத்தத்தில்தான் பஸ் இறங்குகிறாள்.
நான் மேசைக்கடியில் குனிந்து
எதையாவது தேடுவேன்.

தோட்டத்தில் அன்றைக்கு விசாரணை நடந்தது.
அவனிடம் கேள்வி.
அவளிடம் கேள்வி.
பாம்பிடம் மட்டும் ஒன்றும் கேட்கவில்லை,
நேராகத் தீர்ப்பு.
சின்ன வயதில் அது அநியாயமாகப் பட்டது.
தெரிந்தவனிடம் கேட்க என்ன இருக்கிறது?

என்னிடமும் இன்று யாரும் எதுவும் கேட்கவில்லை.
"சீக்கிரம் எழுதுங்க எபனேசர்" என்றார்
தலை துவட்டியபடி இன்ஸ்பெக்டர் அம்மா.
அவ்வளவுதான்.
தெரியாமல் என்று எழுதினால்
தெரிந்தவர் யாரென்று தேடுவார்கள்.
பழைய பில்களுக்கு என் கையெழுத்து.
அளவுகோல் வைத்து
ஒரு சொல்லின்மேல் நேராகக் கோடு இழுத்தேன்.
ஈரத்தாளில் மை கொஞ்சம் பரவியது.

தமிழ் வாசிக்கத் தெரியாத ஷிபின்
பேனாவைப் பிடித்தபடி
"எந்தா சாரே எழுதியிருக்கு?" என்றான்.
வாசித்துக் காட்டினேன்.
தேதி, வண்டி எண், தகப்பன் பெயர்,
ஏழாவது பத்தியும்கூட,
அதில் மிச்சமிருந்த ஒரு சொல்லை மட்டும் விட்டுவிட்டு.

கடைசிவரை கேட்டுவிட்டு
நன்றி சாரே என்று
கையெழுத்துப் போட்டான்.