கட்டம் நான்கு: இரைச்சல்

மூக்கையூர் ஐஸ் கம்பெனி மாடியில்
ஐந்து பேர், நான்கு நாற்காலி, ஒரு மடிக்கணினி.
கெடு முடிய ஒன்பது நாள்.
"நிலநடுக்கமா, இங்கயா?" என்று சிரித்தபடியே
எல்லாருக்கும் டீ சொல்லிவிட்டார்
கம்பெனிக்காரர் ரொசாரியோ.

படிவமும் அதைத்தான் கேட்கிறது,
கொஞ்சம் மரியாதையாக:
கருவியின் தேவையை முந்நூறு சொற்களில் நிறுவுக.

சாயல்குடிப் பள்ளியில் இயற்பியல் நடத்துகிறேன்.
முந்நூறு சொல்லுக்கு என்னிடம்
ஒரு நடுக்கம்கூட இல்லை.
ஆய்வகச் சுவரில் கீழிருந்து மேலாக
ஒரு விரிசல் ஓடுகிறது.
அது ஒப்பந்தக்காரர் செய்த நடுக்கம்,
கணக்கில் வராது.

ஒரு கருவி தூரம் சொல்லும்,
இடம் சொல்ல மூன்று வேண்டும் என்று
கீழக்கரைக் கல்லூரி ருக்கையா
டீ கிளாஸ் அடிகளால் மேசையில்
மூன்று ஈர வட்டம் போட்டுக் காட்டினார்.
வட்டங்கள் வெட்டிக்கொண்ட புள்ளியில்
ஓர் ஈ உட்கார்ந்திருந்தது.
அதனால்தான் நாங்கள் ஐந்து பேர்.
இல்லாவிட்டால் உப்பளத்தாரும் பாசிக்காரிகளும்
ஒரே காகிதத்தில் கையெழுத்து வைப்பார்களா.

யார் பெயர் முதலில் என்பதில்
ஒரு சாயங்காலம் முழுசாய்ப் போனது.
கல்லூரிக்கு முத்திரை உண்டு.
உப்பளத்துக்கு இடம் உண்டு.
ரொசாரியோவுக்கு ஜெனரேட்டர் உண்டு.
சரி, ஊர் பெயர் அகரவரிசையில் என்றோம்.
ஏர்வாடி முதலில் வந்து நின்றது.
பாசி எடுக்கும் பெண்கள் சங்கத்து நம்புக்கனி
தலையில் கைவைத்தாள்:
"எங்களுக்கு பான் கார்டே இல்லையே சார்."

பிறகு இடம்.
ஆடாத தரையைத் தேடி நான்கு நாள் அலைந்தோம்,
ருக்கையாவின் செல்போனைக்
குழந்தையைக் கிடத்துவதுபோல் மண்ணில் கிடத்தி.
கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் லாரி.
என் பள்ளியில் மதியச் சாப்பாட்டு மணிக்கு
அறுநூறு கால்கள்.
வாலிநோக்கம் உப்பளத்தில்
யாரும் எடை போடாத பழைய எடைமேடை அறை
சவம்போல அசையாமல் கிடந்தது.
"அமைதிதான். ஆனா உப்பு இரும்பைத் தின்னுரும்"
என்றார் கணக்கர் பூவலிங்கம்,
துருப்பிடித்த தாழ்ப்பாளை
விரலாலேயே ஒடித்துக் காட்டி.
கருவிக்கு ஃபைபர் உறை, பதினெட்டாயிரம்.
பயணப்படியை அடித்தோம்.
பேட்டரிக்குக் காசு போதவில்லை.
ரொசாரியோ சிரிப்பதை நிறுத்திவிட்டு,
பழசு ரெண்டு கெடக்கு, எழுதிக்கங்க என்றார்.

கடைசி இரவு, ஏழாம் பக்கம், கட்டம் நான்கு.
பின்னணி இரைச்சல்: மூலங்களைப் பட்டியலிடுக.
நான் சொல்லச் சொல்ல ருக்கையா தட்டினார்:
லாரி. பள்ளி. உப்பளப் பம்பு.
கீழே ஐஸ் அரைக்கும் எந்திரம்.
கச்சான் காற்றில் ஆடும் செல்போன் கோபுரம்.
எல்லாவற்றுக்கும் மேலே, முதல் வரியில்:
கடல்.

"கடலையா இரைச்சல்னு போடுறீங்க?"
நம்புக்கனி எழுந்துவிட்டாள்.
கருவியின் காதுக்கு அலையடிப்பு வெறும் தொந்தரவு,
அதைக் கழித்துத்தான் மற்றதைக் கேட்க வேண்டும் என்று
கரும்பலகைக் குரலில் ஆரம்பித்தேன்.
பாதியில் வெட்டினாள்.

"கடல் இரையுறவரைக்கும் பயமில்ல.
அது சத்தம் போடாம உள்வாங்குற அன்னைக்குத்தான்
எங்களுக்கு யாராச்சும் சொல்லணும்."

பாசி அறுத்து அறுத்து
துணி சுற்றிய அவள் விரல்கள்
மேசை விளிம்பைப் பிடித்திருந்தன.

அந்நேரம் பார்த்துக் கரண்ட் போனது.
எந்திரம் நின்றது, ஃபேன் நின்றது.
மடிக்கணினி வெளிச்சத்தில் ஐந்து முகம்.
யாரும் பேசவில்லை.
ஜன்னலுக்கு வெளியே
அது இரைந்துகொண்டுதான் இருந்தது.

ருக்கையா பக்கத்தைப் பின்னால் தள்ளி
காலியாய்க் கிடந்த தேவைக் கட்டத்துக்குப் போனார்.
நம்புக்கனி சொன்னதை
ஓர் எழுத்தும் திருத்தாமல் அடித்தார்.

இருநூற்று எண்பத்தொன்பது சொல் மிச்சம்.