அறுநூற்றுப் பன்னிரண்டு மில்லிகிராம்

பிள்ளையாரடியில் கரண்ட் போனால்
தராசின் எண்கள்தான் முதலில் அணையும்.
ஜெனரேட்டர் இருமித் தொடங்கும்வரை
இடுக்கி நுனியில்
மண்ணீரல் ஒன்றைத் தூக்கிப் பிடித்தபடி நிற்கிறேன்.

நல்ல சுண்டெலிக்கு அது
சிவந்த முருங்கையிலை அளவு.
லுகேமியா ஏற்றி மூன்றாம் கிழமை
பேரீச்சங்கொட்டை.
"அறுநூற்றுப் பன்னிரண்டு" என்கிறேன்.
ஸிமாறா எழுதுகிறாள். நோன்பு நாள்,
உதடு காய்ந்து கிடக்கிறது.

மண் என்று பேர் வைத்தவன்
எதையோ கண்டுதான் வைத்திருப்பான்.
கிழட்டுச் சிவப்பணுக்களைப் புதைக்கிற இடம்;
புதைக்கிற இடத்தில் விதையும் பிடிக்கும்.
எலும்புக்குள் பெருகி, அங்கே இடங்காணாமல்
ஊர்ந்து வருகிற கெட்ட அணுவுக்கு
ஈரமும் தீனியும் கொடுத்து
பாய் விரிக்கிறது.
வந்தது ஆரென்று அதற்கு ஆர் சொல்வது?

இரண்டாம் கூட்டில் மண்ணீரல் எடுத்த எலிகள்.
இடப்பக்கம் மூன்று தையல்.
மரத்தூள் மாற்றும்போதெல்லாம்
என் கை தானாக என் விலாவுக்குப் போகும்.

கல்லடியில் பஸ் அடித்த வருசம்
என்னுடையதையும் எடுத்தார்கள்.
எத்தனை கிராம், எந்த வாளியில் போட்டார்கள்,
நான் கேட்கவில்லை.
அன்றிலிருந்து தலைமாட்டில் பென்சிலின் குளிசை;
காய்ச்சலென்றால் நடுச்சாமத்திலும்
ஆசுப்பத்திரிக்கு ஓட்டம்.
ஸிமாறாவுக்கு இது தெரியாது.

"அக்கா, இரண்டாம் கூடு
பதினொரு நாள் கூடுதலா இருந்திருக்கு!"
குரலில் பெருநாள்.

பிறகு ஈரலைத் திறந்தோம்.
வெள்ளை வெள்ளையாய்ப் புள்ளி.
வீடு போனால் பள்ளிக்கூடத்தில் பாய் விரிக்கிற
ஆக்களைப் போல என்று நினைத்து,
உடனே வெட்கப்பட்டேன்.
பள்ளிக்கூடத்தில் படுத்தவள் நான்.
இந்த உவமை பிழை.

அந்தப் பதினொரு நாளில்
காது கிழிந்த ஒன்று
பஞ்சையெல்லாம் ஒரு மூலைக்கு இழுத்து
நடுவில் சுருண்டு படுத்துப் பார்த்தது,
பிடிக்காமல் கலைத்தது,
திரும்பவும் இழுத்தது.
அட்டவணையில் அதற்கு நிரல் இல்லை.
ஓரத்தில் பென்சிலால் எழுதினேன்.
ஸிமாறா அழிக்கவில்லை.

பாங்கு கேட்டதும் கை கழுவி
வெளி விறாந்தைக்கு வந்தோம்.
வாவிப் பக்கமிருந்து உப்புக் காற்று.
கடதாசிப் பையைப் பிரித்து
எனக்கும் ஒரு பேரீச்சம்பழம் நீட்டினாள்.

தின்றேன்.
கொட்டையைத் துப்பாமல்
கனநேரம் வாய்க்குள் வைத்திருந்தேன்.